ஆறாவது மாடிக்கு மேலே

பாட்டுக்காரர் வரப்போகிறார் என்ற செய்தியோடு போன வாரம் நாம் விட்டுவந்த வீடு, அன்று காலை வழக்கத்துக்கு முன்பே எழுந்துவிட்டது.

குளியலறைக்குள் முதலில் புகுந்தவன் பென்சில். ஒல்லியான உடம்பு, படம் வரைகிற வேலை, காதில் எந்நேரமும் செருகிய பென்சில். கம்பெனியில் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. வெளியே நின்று கதவைத் தட்டியவன் அவனுடைய அக்கா புருஷன். அவனுக்கும் கம்பெனியில் ஒரு பேர் உண்டு. சாம்பியன்.

"டேய் மச்சான், அவங்க உன் படத்தப் பார்க்க வர்றாங்களா, உன் மூஞ்சியப் பார்க்க வர்றாங்களா? வெளிய வாடா."

"ரெண்டையும்தான் மாமா. இன்னிக்கு ரெண்டும் பிடிக்கணும்ல."

கூடத்தில் அக்கா தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, வருகிறவர்களின் மூக்கில் வைத்துப் பார்த்து, வளைத்து நிமிர்த்திக் கொடுப்பாள். எதையும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அங்கே வந்தது.

அப்படித்தான் புருஷனையும் பார்த்தாள். "ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? தூங்கலையா?"

"தூங்கினேனே."

"உங்க பக்கத்துல படுத்திருந்தவ நான்தாங்க."

அவன் மறுபடியும் குளியலறைக் கதவைத் தட்டப் போனான். ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடாமல் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அது என்னவென்று அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதாவது, அப்படி அவன் நினைத்திருந்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

'இரும்பு மாளிகை' என்று ஒரு பழைய கேம். தெருமுனைக் கடைகளில் ஆள் உயரப் பெட்டிகள் நின்ற காலத்தில், டோக்கன் போட்டு ஆடியது. சிவப்புக் கையுறை மாட்டிய ஒருவன், மாளிகையில் அடைத்து வைத்திருக்கும் தன் தம்பியைத் தேடி, எதிரே வருகிறவர்களை அடித்துக்கொண்டே மாடி மாடியாக ஏறுவான். ஏழு மாடி. அதைத்தான் இப்போது உள்ளங்கையில் அடங்குகிற கன்சோலுக்காகப் புதிதாகச் செய்கிறார்கள்.

சிக்கல் ஏழாவது மாடியில் இருந்தது. மிச்சமிருந்த பழைய பெட்டிகள் எல்லாமே ஆறாவது மாடி முடிந்ததும் உறைந்து நின்றுவிட்டன. உள்ளே, ஏழாவது மாடி பதிந்திருந்த சிப் செத்துப்போயிருந்தது. கேம் செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டு, உரிமை மட்டும் யார் யார் கையிலோ போய்விட்டது. ஏழாவது மாடியைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் வேண்டும் என்று மேடம் தேடினாள். அவள்தான் இந்தக் கம்பெனியின் முதலாளி. வேலை கேட்டு எதிரே உட்கார்ந்திருந்தவன், "நான் பார்த்திருக்கேன் மேடம். முடிச்சிருக்கேன்" என்றான்.

அவன் ஆறாவது மாடியையே தாண்டியதில்லை.

அந்த ஒரு வார்த்தையில் வேலை கிடைத்தது, 'சாம்பியன்' என்ற பேர் கிடைத்தது, கேமை முன்னின்று நடத்துகிற பொறுப்பும் கிடைத்தது. மேலே என்ன இருந்தது என்று கேட்டபோது அவன் யோசிக்கக்கூட இல்லை. ரெண்டு தலை ராட்சசன் என்றான். ஒரு தலை நெருப்பைக் கக்கும், இன்னொரு தலை பனியை ஊதும் என்றான். மச்சினனையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டான். மாமா சொல்லச் சொல்ல மச்சினன் வரைந்தான். அஸ்திவாரம் தோண்டாமல் சுவர் எழுப்புகிறவனுக்கு ஒவ்வொரு வரிசை செங்கல் ஏறும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாம்பியனுக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. சுவரோ அழகாக ஏறிவிட்டது.

பென்சிலுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "பாட்டுக்காரர் ஏழாவது மாடியப் பார்த்துத் தலையாட்டட்டும், மறுநாளே உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்று மேடம் சொல்லியிருந்தாள்.

அந்த நாள்தான் இது.

*

பாட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துணிப்பை. பழைய கேமுக்கு இசை போட்டவர் அவர்தான். அதைச் செய்தவர்களில் கண்டுபிடிக்க முடிந்த ஒரே ஆளும் அவர்தான். அவர் சரி என்றால்தான் உரிமைக்காரக் கம்பெனி வெளியிட அனுமதி தரும்.

"லிஃப்ட் வேலை செய்யல போல," என்றார் நாற்காலியில் சாய்ந்து. "ஒவ்வொரு மாடியிலயும் யாராவது அடிக்க நிக்கிறாங்களான்னு எட்டிப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பியனும் சிரித்தான். அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது.

திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். கன்சோலில் இருந்து ஒரு கேபிள் பெரிய டிவிக்குப் போனது. ஆடிக் காட்டுகிற வேலை பென்சிலுக்கு. அவன் அந்த இஸ்திரிச் சட்டையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஆடினான்.

முதல் மாடியில் இசை தொடங்கியதுமே பாட்டுக்காரர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. "அந்த 'டிங்' கேக்குதா? எங்க வீட்டுத் தண்ணிக் குழாய்ல ஸ்பூனால தட்டினது. என் வீட்டுக்காரி அன்னிக்கு என்ன திட்டுத் திட்டினா தெரியுமா? அதையும் பதிவு பண்ணியிருந்தா வில்லனுக்குப் போட்டிருக்கலாம்."

அறை முழுக்கக் கலகலப்பாகிவிட்டது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கையுறைக்காரன் ஏறிக்கொண்டே இருந்தான்.

ஆறாவது மாடியில் சங்கிலிக்காரன் வந்தான். தலைக்கு மேல் சங்கிலியைச் சுழற்றி வீசுகிறவன். பென்சில் குனிந்தான், நிமிர்ந்தான், இரண்டு அடி கொடுத்தான். சங்கிலிக்காரன் விழுந்தான்.

"என்னப்பா, அதுக்குள்ளயா?" பாட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் வந்தார். "அந்தக் காலத்துல இவன் ஒருத்தன் எத்தனை பேரை அழ விட்டிருக்கான். இப்ப சாதுவாயிட்டானே."

"சின்ன ஸ்கிரீன் சார்," என்றான் சாம்பியன் சட்டென்று. "விரலுக்கு இடம் பத்தாது. அதான் கொஞ்சம் லேசாக்கினோம்."

பென்சில் ஒரு நொடி மாமாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏழாவது மாடிக் கதவைத் திறந்தான்.

ரெண்டு தலை ராட்சசன் திரை நிறைய எழுந்து நின்றான். நெருப்பு, பனி, பறக்கிற கல், புதிதாகப் போட்ட அதிரடி இசை. அறையில் சிலர் கைகூடத் தட்டினார்கள். பென்சில் இரவும் பகலுமாக வரைந்தது அது. ராட்சசனின் ஒவ்வொரு நகத்துக்கும் தனி நிழல் கொடுத்திருந்தான்.

பாட்டுக்காரரின் விரல்கள் தொடையில் அசையவில்லை.

"இது என்னம்மா?" என்று மேடத்தைக் கேட்டார்.

"ஏழாவது மாடி சார்."

"இல்லையே. ஏழாவது மாடிக்கு நான் பாட்டே போடலையே. போடட்டுமான்னுதான் கேட்டேன். மேல சண்டையே இல்ல, அப்புறம் எதுக்குப் பாட்டுன்னு சொல்லிட்டாங்க."

ராட்சசன் தன்பாட்டுக்கு நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தான். பென்சில் பட்டனை விட்டுவிட்டதால் கையுறைக்காரன் பேசாமல் நின்று அடி வாங்கினான்.

"சண்டை இல்லன்னா, வேற என்ன சார் இருந்துச்சு?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? வேலை இல்லன்னு சொன்னாங்க, நான் வீட்டுக்குப் போயிட்டேன். ஆனா இது இல்ல. சத்தமே இல்லாத இடம் அது. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

மேடம் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் கோபப்பட்டால் குரல் உயராது, தணியும்.

"இந்த ரெண்டு தலை எங்கிருந்து வந்துச்சு?"

அந்தக் கேள்வி யாருக்கென்று இல்லாமல் அறை நடுவில் நின்றது. பென்சில் மாமாவைப் பார்த்தான். அதில் குற்றம் சாட்டுகிற பார்வை எதுவும் இல்லை. மாமா இப்போது வாயைத் திறந்து விளக்குவார் என்று காத்திருக்கிற பார்வை.

சாம்பியன் தரையில் கிடந்த கேபிளைப் பார்த்தான். எங்கே முறுக்கியிருக்கிறது என்று மிகவும் அக்கறையாகப் பார்த்தான். பேசாமல் இருந்திருந்தால்கூடப் பாவம் பாதியாகப் போயிருக்கும். அவன் வாயைத் திறந்தான்.

"பையன் கொஞ்சம் ஆர்வத்துல கூடுதலா வரைஞ்சிட்டான் மேடம். நான்தான் கவனிச்சிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த இரண்டாவது வாக்கியம் எத்தனை மோசம் என்று அவனுக்கே உறைத்தது. பெருந்தன்மை மாதிரி அல்லவா அது காதில் விழுந்தது.

மேடம் தலையசைத்தாள். "பென்சில், நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா."

அந்த அறைக்கு அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் திரும்பி வந்து தங்கள் மேசையைக் காலி செய்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் பென்சிலின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கேபிளைக் கழற்றி, அழகாகச் சுருட்டி, அதன் பெட்டிக்குள் வைத்தான்.

போகும்போது பாட்டுக்காரர் பென்சிலின் தோளைத் தட்டினார். "படம் நல்லாத்தான்ப்பா இருக்கு. இடம்தான் தப்பு."

*

சாயங்காலம் இருவரும் ஒரே பைக்கில் வீடு திரும்பினார்கள். மாமா ஓட்ட, மச்சினன் பின்னால். மற்ற நாட்களில் சிக்னலுக்குச் சிக்னல் பென்சிலின் பேச்சு ஓயாது. முன்னால் நிற்கிற லாரியின் மூஞ்சியை எந்த மாடி வில்லனுக்கு வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே வருவான்.

அன்று பாதி வழிக்குப் பிறகுதான் குரல் வந்தது. ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து, தயங்கித் தயங்கி.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ரெண்டு தலைன்னு நீங்க சொன்னீங்களா, இல்ல நானாப் போட்டுக்கிட்டேனா?"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. சாம்பியன் பிரேக்கை அழுத்தினான். கண்ணாடியில் பின்னால் இருப்பவனின் முகம் தெரியும். அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம்," என்றான் பென்சில். "ஆனா நீங்க ஆடி முடிச்சவரு. உங்களுக்குத் தப்பா வராதுல்ல. அப்ப நான்தான் எங்கயோ குழப்பிட்டேன். ஒரு தலையச் சொல்லியிருப்பீங்க, இல்ல நிழல் ஏதாவது சொல்லியிருப்பீங்க. நான் ஒரு வேகத்துல..."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லடா."

"சரி மாமா. மன்னிச்சிருங்க மாமா. எல்லாரு முன்னாடியும் உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சாம்பியனுக்குக் கை நகரவில்லை. தோளில் இருந்து ஒரு பாரத்தை இறக்கி, சின்னவன் தோளில் ஏற்றிவிட்டு வந்தவன் அவன். அந்தச் சின்னவன், 'நீங்க இவ்வளவு நேரம் தூக்கினீங்களே' என்று அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். காது மடல் வரை சுட்டது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

*

அக்கா ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் உள்ளே வந்த விதத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"என்னடா ஆச்சு?"

பென்சில் சிரிக்கப் பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு மேடம் என்னைத் தனியாப் பார்க்கணுமாம். ரொம்பப் பாசம் என் மேல."

பிறகு நடந்ததைச் சொன்னான். தன் தப்பு என்றே சொன்னான். கம்பெனி ரகசியம் என்று இத்தனை நாள் வீட்டில் வாயைத் திறக்காதவன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ராட்சசனை வர்ணித்தான். வீட்டுக்கு எடுத்துவருகிற கன்சோலில் எப்போதும் ஆறு மாடிதான் இருக்கும். ஏழாவதை மேடம் வெளியே விடமாட்டாள். அதனால் அக்காவுக்கு இதெல்லாம் புதுசு.

ரெண்டு தலை என்று கேட்டபோது அவள் புருவம் ஏறியது. "யாரு சொன்னா ரெண்டு தலைன்னு?"

"அதான் குழப்பம்."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கண்ணாடியை வெளிச்சத்தில் காட்டிக் கீறல் தேடுகிற அதே பார்வை. அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் நழுவினான். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து கதவை ஒருக்களித்தாள்.

"அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள்.

"யாரு?"

"பாட்டுக்காரரு. மேல சண்டை கிடையாது."

டம்ளர் அவன் வாய்க்குப் போகாமல் நடுவிலேயே நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் யாரு பொண்ணுன்னு மறந்துபோச்சா? அந்த கேம் கடையில டோக்கன் குடுத்தவங்க பொண்ணு நான். கடை சாத்தினதும் அம்மா கணக்குப் பார்ப்பாங்க. தம்பி அவங்க மடியில தூங்கிட்டு இருப்பான். எனக்குப் பொழுது போக வேணாமா? அம்மா பெட்டியத் திறந்து சும்மா ஆடுற மாதிரி வெச்சுக் குடுப்பாங்க. நான் மேல போயிருக்கேன்."

"நீயா?"

"ஏன், கை இல்லையா எனக்கு?"

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அந்தக் கடையில் அவன் ஆடும்போது பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். டோக்கன் மேசைக்குப் பின்னால், தன் அம்மாவுக்குப் பக்கத்தில், இவள் இருப்பாள். அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று அவன் நினைத்ததுண்டு. திரையைப் பார்த்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"அப்ப நான்..."

"நீங்க ஆறாவது மாடியத் தாண்டினதே இல்ல. தெரியும்."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கலையே."

"வேலைக்காகச் சொன்னீங்க. வாய்ல வந்துருச்சு, சொல்லிட்டீங்க. சமயம் பார்த்து நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன். அவங்க அந்த மாடிய உங்க வாயிலேர்ந்தே கட்டிக்கிட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொய்கூட எனக்குப் பெருசில்ல. அதைக் கொண்டுபோய் அவன் தலையில கட்டிட்டு வந்திருக்கீங்க பாருங்க."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். ஒரு குறுக்கு வழி மனதுக்குள் ஓடி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அதைப் பிடித்தான்.

"மேல என்ன இருந்துச்சுன்னு நீ சொல்லு. ராத்திரிக்குள்ள அவன் வரைஞ்சிடுவான். நாளைக்குக் காட்டிடலாம். அவன் வேலையும் போகாது."

"உங்க பேரும் போகாது."

அவன் தலை குனிந்தான்.

"சொல்றேங்க," என்றாள் அவள். "நாளைக்கு அவனுக்கு முன்னாடி நீங்க அந்த ரூமுக்குள்ள போங்க. போயிட்டு வந்து கேளுங்க. அப்பச் சொல்றேன்."

கூடத்தில் இருந்து கேமின் சத்தம் வந்தது. குழாயை ஸ்பூனால் தட்டிய அந்த 'டிங்'. இருவரும் வெளியே வந்தார்கள். பென்சில் தரையில் உட்கார்ந்து, கன்சோலில் சோதனைப் பக்கத்தைத் திறந்து எதையோ மாற்றிக்கொண்டிருந்தான்.

"மாமா, பாட்டுக்காரர் சொன்னது மனசுலயே நிக்குது. இந்தச் சங்கிலிக்காரன். பழைய பெட்டியில இவன் என்ன வேகமோ அதையே திரும்ப வெச்சுட்டேன். ஆடிப் பார்த்தா அடிச்சு நொறுக்கறான். ஆனா விரலுக்கு இடம் பத்தாமல்லாம் இல்ல." கன்சோலை நீட்டினான். "நீங்க ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன். எப்படித் தாண்டினீங்கன்னு பார்த்துக்கறேன். நாளைக்கு மேடம் கேட்டா, இதையாவது சரியாச் சொல்லலாம்ல."

மறுக்க ஒரு காரணம் தேடினான் சாம்பியன். தலைவலி, அலுப்பு, நாளைக்கு. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வாங்கிக்கொண்டான். கன்சோல் மச்சினனின் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது.

அக்கா கதவோரம் சாய்ந்து நின்றாள்.

கையுறைக்காரன் படியேறி வந்தான். எதிரே சங்கிலிக்காரன். தலைக்கு மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அந்தச் சுற்றின் சத்தம் அவன் உடம்புக்கு இன்னும் மறக்கவில்லை. விரல் பட்டனுக்குப் போவதற்குள் சங்கிலி வந்து விழுந்தது. கையுறைக்காரன் சுருண்டான்.

"இன்னொரு தடவை மாமா."

இன்னொரு தடவை. சுருண்டான். மறுபடி. சுருண்டான்.

நான்காவது முறை பென்சில் திரையைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தான். படம் வரைகிறவன், எதையும் உற்றுப் பார்த்தே பழகியவன்.

"மாமா," என்றான் மெதுவாக. "சங்கிலி கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நீங்க கண்ண மூடிக்கிறீங்க."

கதவோரத்திலிருந்து அவளை அறியாமல் வந்துவிட்டது.

"அப்பவும் அப்படித்தான்."

சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரையில் 'மீண்டும் ஆடுகிறீர்களா?' என்று கேட்டு எண்கள் இறங்கத் தொடங்கின. சாம்பியனின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பென்சில் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தரையில் வைத்தான்.

"அப்பவும்னா, எப்பக்கா?"